செஞ்சியில் ஒரு ரிசர்வ் பைலட்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து ஏழுமலையின் மகன். "ஜாபர் மாமா" என்றான். பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரம்தான் ஏழுமலையோடு பேசியிருந்தேன். மார்பில் ஏதோ பிடித்துக்கொண்டதுபோல் இருக்கிறது, டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். காட்டியும் இருக்கிறான். வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்குத் தகவல் சொல்லும் வேலை எனக்கு வந்தது. காந்தி பஜாரில் நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரும் "எந்த ஏழுமலை?" என்றுதான் கேட்டார்கள். செஞ்சியில் தெருவுக்கு இரண்டு ஏழுமலை உண்டு. "பைலட் ஏழுமலை" என்றதும் வயதானவர்கள் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள், "நம்ம ஊர்லயா பைலட்?" என்று என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேப்டன் கோ. ஏழுமலை எத்தனை வகை விமானம் ஓட்டினார், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதையெல்லாம் அவரோடு பறந்தவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய காலம். எண்பதுகளின் நடுவில், சட்டைப் பையில் லைசென்ஸ் இருந்தும் பறக்காமல், எங்கள் இரும்புக் கடையில் டெலிபோனைப் பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்த மாதங்கள். அவன் என்றே எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை அவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

அவனுடைய அப்பா கோவிந்தன், திண்டிவனம் சாலையில் ரோடு வேலை பார்த்தவர். தார் டின்னுக்கு அடியில் நெருப்புப் போட்டு, கொதிக்கிற தாரை வாளியில் அள்ளி ஊற்றுகிற வேலை. காலில் கோணியைச் சுற்றிக்கொண்டு நிற்பார். காலனியில் ஒற்றை அறை வீடு. அங்கிருந்து வந்தவன் பள்ளியில் முதல் மாணவனாகி, அரசாங்க உதவித்தொகை வாங்கி, மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற ஒரு புதிய கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் அத்தா கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் வேலையில் சேர்ந்ததும் பறந்துவிட முடியாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கம்பெனியிடம் இருந்தவை சில சிறிய விமானங்கள். பழைய துணை விமானிகளுக்கு இன்ன நாள் இன்ன ஊர் என்று முறை போட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் ரிசர்வ். முறையில் இருக்கிற யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாராவது வராமல் போனால், ரிசர்வில் இருப்பவனைக் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் மீனம்பாக்கத்திலேயே போய் உட்கார வேண்டும். மறுவாரம் சொந்த ஊரில் இருக்கலாம்; ஆனால் போன் வந்தால் அன்று இரவுக்குள் மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், மறுநாள் காலை விமானத்துக்காக. காலனியில் யாரிடமும் போன் இல்லை. கம்பெனியில் அவன் கொடுத்த நம்பர் எங்கள் கடை நம்பர்.

ஊரில் இருக்கும் வாரங்களில் காலையில் கடை திறக்கும்போதே அவன் வந்துவிடுவான். ஆணி மூட்டைகளுக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டுக்கொள்வான். எதிரில் சுவர். அந்தச் சுவரில் விமானத்தின் கருவிப் பலகை இருப்பதாக வைத்துக்கொண்டு, கையை நீட்டி ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுத் தொட்டு வாய்க்குள் சொல்வான். என்ஜின் ஒன்று நின்றால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதை முதலில் அணைப்பது, எல்லாம் வரிசையாக. கதவுக் கீல் வாங்க வந்த பக்கத்து ஊர் வல்லத்துக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தாவிடம் மெதுவாகக் கேட்டார்: "பாய், இந்தப் புள்ளைக்கு இன்னா ஒடம்புக்கு?" அத்தா சொன்னார்: "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. அவன் இப்ப கோயம்புத்தூர் மேல போய்க்கிட்டு இருக்கான்."

ஊர் சும்மா இருக்குமா? கூட்டு ரோட்டு டீக்கடையில் அவனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஸ்டெப்னி. லாரிக்கு அடியில் தொங்குகிற உபரிச் சக்கரம். வைத்தவர் ஒரு லாரி முதலாளி. காலனியிலிருந்து ஒருவன் விமானம் ஓட்டுவதாவது என்கிற எரிச்சல் அந்தப் பெயருக்குள் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் நாங்கள் இருவரும் அந்தக் கடையில் நின்றபோது அவரே, "இன்னாப்பா ஸ்டெப்னி, எப்ப மாட்டப் போறாங்க உன்ன?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் ஏறியது. ஏழுமலை கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "தெரியலைங்க. ஆனா ஒண்ணு. மாட்டியிருக்கிற டயர்ல காத்து எறங்குனா ஓட்டறவனுக்கு உடனே தெரிஞ்சிடும். ஸ்டெப்னியில எறங்குனா அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் தெரியும். அதனால அத தினமும் பாக்கணும். உங்க லாரியில பாக்கறாங்களா?" டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். லாரி முதலாளி டீக்குக் காசை வைத்துவிட்டு நடந்தார். ஸ்டெப்னி என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவனும் அதைப் போக விடவில்லை. என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் கடைசி வரை, "ஸ்டெப்னி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பான்.

தினமும் பார்க்கணும் என்றது வெறும் பேச்சு அல்ல. சாயங்காலம் எங்கள் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப்படியில் மூச்சு வாங்க ஏறி இறங்குவான். அந்த நேரத்தில் போன் வந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டவன் அவன். வழி கண்டுபிடித்தவர் அத்தா. கடை மொட்டை மாடியில் சிவப்பு ஜமுக்காளத்தைத் தொங்கவிடுவது என்று ஏற்பாடு. மலையில் எங்கே நின்றாலும் எங்கள் மாடி கண்ணில் படுகிற பக்கமாகத்தான் நிற்பான். ஒரு தடவை வீட்டில் பெண்கள் விவரம் தெரியாமல் ஜமுக்காளத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். ஏழுமலை மலையிலிருந்து ஓட்டமாக ஓடி வந்து, வியர்வை சொட்டச் சொட்டக் கடைக்குள் நுழைந்து, "எந்த ஊருக்கு?" என்று கேட்டான். நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். ஆனால் நேரே பின்கட்டுக்குப் போய், "சிவப்பு மட்டும் வேணாம்மா, வேற எது வேணா காயப்போடுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

ஒரு முறை நிஜமாகவே அழைப்பு வந்தது. பையோடு மெட்ராஸ் பஸ் ஏறினான். கடைத்தெருவே அவனை வழியனுப்பியது. மறுநாள் பகலில் அதே பையோடு கூட்டு ரோட்டில் இறங்கினான். காய்ச்சல் என்று சொன்ன விமானி, விமானம் கிளம்பும் நேரத்தில் குணமாகி வந்து நின்றுவிட்டாராம். சீருடை போட்டு, கருவிகளெல்லாம் சரிபார்த்து, வானிலை விவரம் வாங்கி வைத்து, கடைசியில் இருக்கையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறான். "பறந்தியாடா?" என்று அங்கேயே பத்துப் பேர் கேட்டார்கள். "இல்ல. பஸ்லதான் வந்தேன்" என்றான். வேறு யாராவது இருந்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

சீருடையைச் செஞ்சியில் அவன் அதுவரை போட்டதில்லை. கோவிந்தன் பெரியவருக்கு அதில் குறை. மகனை வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைப் பட்டையுமாக ஒரு தடவை தெருவில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. "ஓட்டாம போட்டா அது வேஷம் நைனா. ஓட்டிட்டு வந்து போடறேன்" என்பான். அவர் முணுமுணுத்துக்கொண்டே சீருடை இருந்த பெட்டியை மூடுவார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி மெகருக்கு முதல் பிரசவம். செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்த நேரத்தில், மெகருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நர்ஸ் ஓடி வந்தார். லேடி டாக்டர் வெளியே வந்து, உடனே ரத்தம் வேண்டும், விழுப்புரத்திலிருந்து வாங்கி வரும் வரை தாங்காது என்றார். என் ரத்தம் சேரவில்லை. என் தம்பிகள் இருவருக்கும் சேரவில்லை. கிடைக்க அரிதான வகை என்றார்கள். அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் தன் ரத்தம் என்ன வகை என்றே தெரியாது. தெரிந்திருந்தவன் ஒருத்தன்தான். லைசென்ஸுக்காக உடல் பரிசோதனை செய்தபோது அவனுடைய அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் வகையைச் சொன்னதும், ராத்திரியிலிருந்து எங்களோடு நின்ற ஏழுமலை, "அது என்னோடதுதான்" என்றான்.

சொன்னவன் உடனே படுக்கவில்லை. "டாக்டர், ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று கடைக்கு ஓடினான். ரத்தம் கொடுத்தால் மூன்று நாளைக்கு விமானம் ஓட்டக் கூடாது என்பது விதி. அது எனக்கு அப்போது தெரியாது. கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்று மெட்ராஸுக்கு அவசர டிரங்க் கால் கேட்டிருக்கிறான். திண்டிவனத்துக்கு அப்பால் மழையில் லைன் அறுந்து கிடந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மா எவ்வளவோ முயன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, மழையிலேயே திரும்பி ஓடி வந்து, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டான்.

மத்தியானத்துக்குள் மெகர் கண் விழித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "யாரு ரத்தம் ஏத்துனாங்க?" என்று ஒரு மாதிரியாக இழுத்தார். அத்தா பட்டென்று சொன்னார்: "பைலட் ரத்தம்."

மறுநாள் காலை, மெகருக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு போகிற வழியில் எங்கள் கடைக்கு வந்தேன். லைன் சரியாகியிருந்தது. ஏழுமலை முக்காலியில் உட்கார்ந்து மறுபடியும் மெட்ராஸுக்குக் கால் கேட்கப் போனான். அவன் ரிசீவரைத் தொடுவதற்குள் மணி அடித்தது. எடுத்தான். கம்பெனிதான். கோயம்புத்தூர் விமானத்துக்குத் துணை விமானி இல்லை, மறுநாள் காலை விமானம், உடனே கிளம்பு என்றார்கள். எத்தனையோ மாதமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. அவன் முகம் ஒரு கணம் மலர்ந்து அடங்கியதை நான் பார்த்தேன்.

"சார், நேத்து நான் ரத்தம் கொடுத்திருக்கேன். நாளைக்கு ஓட்ட முடியாது" என்றான்.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் கத்தியது எதிரில் நின்ற எனக்கே கேட்டது. ரிசர்வில் இருந்துகொண்டு யாரைக் கேட்டு ரத்தம் கொடுத்தாய், ஏன் சொல்லவில்லை, உன்னை நம்பி விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றெல்லாம். கடைசியில் குரலை இறக்கி, இந்த விமானத்துக்கு நீ வராவிட்டால் அடுத்த விமானம் உனக்கு இருக்குமா என்று நான் சொல்ல முடியாது என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. அவனோடு சேர்ந்த இன்னொரு பையனை அதற்கு முந்தைய மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஏழுமலை குரல் உயரவில்லை. "லைன் கெடைக்கல சார், முயற்சி பண்ணேன். தகவல் முன்னாடியே வராதது உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா நாளைக்கு நான் ஓட்டற நிலையில இல்ல. வேற ஆள இப்பவே தேடுங்க சார், நேரம் இருக்குது" என்றான். ரிசீவரை வைத்தான். என் பக்கம் திரும்பினான். "கஞ்சி ஆறுது பாரு, எடுத்துக்கினு போ."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கோவிந்தன் பெரியவர் வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்தார். காலில் தார் ஒட்டியிருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாம் இல்லடா? ரத்தம் குடுத்தது உன் மூஞ்சியிலயா எழுதி இருக்குது?"

"நைனா, அடியில ஜல்லி கெட்டிப்படாம மேல தார ஊத்துவியா நீ?"

"மேஸ்திரி ஊத்தச் சொன்னா ஊத்திட்டுப் போவேன்" என்றார் அவர், கோபம் குறையாமல்.

ஏழுமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் பள்ளம் விழுமே?"

"வுழுந்தா வுழுது. வண்டி பள்ளத்துல எறங்கி ஏறிப் போவும்."

"ரோட்டுல எறங்கி ஏறும் நைனா. ஆகாசத்துல எறங்கறது மட்டும்தான்."

பெரியவர் உள்ளே வந்து, ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "சாப்டியா?" என்று கேட்டார். ஈரல் வாங்கிப் போகலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் கடையில் எல்லாரும் திரும்பினோம். சிமெண்ட் வந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்கள். அப்புறம் ஒரு தந்தி, தலைமை விமானியை நேரில் வந்து பார்க்கச் சொல்லி. நானும் அவனோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். மேல்மருவத்தூர் தாண்டியதும், "வேற வேல பாக்கச் சொன்னா உங்க அத்தா கடையில சேத்துக்குவாராடா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தான்.

மீனம்பாக்கத்தில் நான் வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை அவன் வந்து சொன்னான். தலைமை விமானி விமானப்படையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் கேட்டாராம்: "நீ சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது சார்."

"பிறகு ஏன் சொன்னாய்?"

"நீங்கள் கேட்டது ஒரு ரிசர்வ் பைலட்டை சார். அன்றைக்குச் செஞ்சியில் அப்படி ஒருவன் இல்லை. ரத்தம் கொடுத்த ஒருவன்தான் இருந்தான்."

"இனிமேல் ரிசர்வில் இருக்கும்போது ரத்தம் கொடுப்பாயா?"

இந்த இடத்தில், மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தானாம். வாயில் வந்தது வேறு. "அதே நிலைமையில் ஒருவர் படுத்திருந்தால் கொடுப்பேன் சார். முதலில் உங்களுக்குச் சொல்லத்தான் பார்ப்பேன்."

அவர் மேசையில் இருந்த மணியை அடித்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். "செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் நான் ஓட்டுகிறேன். என் பக்கத்தில் இவனைப் போடு."

வெளியே வந்து இதைச் சொல்லும்போது ஏழுமலை அழவில்லை, குதிக்கவில்லை. விமான நிலைய வாசலில் இருந்த குழாயைத் திறந்து முகத்தை அலம்பிக்கொண்டே இருந்தான். நான் போய்க் குழாயை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை செஞ்சியில் பாதிக் கடைத்தெரு மலையில் இருந்தது. மெட்ராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே விமானம் நம் ஊருக்கு வடக்கே போகும், வானம் தெளிவாக இருந்தால் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியிலிருந்து தெரியும் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். அத்தா முழங்கால் வலியோடு பாதி மலை ஏறி உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் பெரியவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சலவை வேட்டி கட்டி, எல்லாருக்கும் முன்னால் ஏறி, உச்சியில் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் இருந்தார். ஸ்டெப்னி என்று பெயர் வைத்த லாரி முதலாளியும் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, அவலூர்பேட்டைப் பக்கமாக, மேகத்துக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. "அதான்! அதான் எம் புள்ள!" என்று பெரியவர் கத்தினார். எல்லாரும் கையை ஆட்டினோம். லாரி முதலாளி மேல்துண்டை எடுத்து வீசினார். புள்ளி மறைந்த பிறகும் பெரியவர் கையை இறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை ஊருக்கு வந்தான். பஸ்ஸிலிருந்து சீருடையிலேயே இறங்கினான். கூட்டு ரோட்டிலிருந்து காலனி வரை பெரியவர் அவனோடு நடந்தார். பக்கத்தில் நானும் நடந்தேன். அந்தத் தெருவில் அந்த மாதிரி நிமிர்ந்து யாரும் நடந்து நான் பார்த்ததில்லை; நான் சொல்வது பெரியவரை.

வீட்டில் உட்கார்ந்ததும், மலைமேல் நின்று பார்த்த கதையைப் பெரியவர் சொல்லத் தொடங்கினார். எந்த நேரம், எந்தத் திசை, எப்படி மினுங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். ஏழுமலை கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மாறுவதை நான் கவனித்தேன். அந்த நேரத்தில் அவர்கள் மேகத்துக்காகச் சுற்றி, வேலூர்ப் பக்கமாகப் போயிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது வேறு ஏதோ விமானம். சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"நைனா, அது நான் இல்ல. நாங்க அந்தப் பக்கமே வரல. மழ மேகம், சுத்திப் போயிட்டோம்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"அதுக்கு இன்னா? அத ஓட்டுனவனும் எவனோ ஒரு நைனாவுக்குப் புள்ளதான? அவங்க ஊர்ல மல இருக்குதோ இல்லையோ. நான் கைய ஆட்டுனது அவனுக்கு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். சில மாதங்களில் அவனுக்கு நிரந்தர முறை கிடைத்தது. சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டான். கேப்டன் ஆனான். பெரியவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனான். அவர் வழியெல்லாம் கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்து, "இந்த எடத்துல வளைவு தப்பாப் போட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். மெகருக்கு ஒவ்வொரு ரமலானுக்கும் சென்னையிலிருந்து போன் வரும். "ஸ்டெப்னி பேசறேன். ஒடம்பு எப்படி இருக்குதும்மா?"

அடக்கத்துக்குச் சென்னை போயிருந்தேன். வாசலில் சீருடையோடு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், ஆணும் பெண்ணுமாக, அவன் பயிற்சி கொடுத்தவர்கள். அதில் கேரளத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "நீங்கதான் இரும்புக் கடை ஜாபர் சாரா?" என்று கேட்டாள். எங்கள் கடைக் கதையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ரிசர்வில் இருந்தபோது ஏழுமலைதான் பொறுப்பில் இருந்தானாம். மற்றவர்கள் போன் செய்தால் முதலில் ஊரையும் நேரத்தையும் சொல்வார்களாம். "சார் மட்டும் மொதல்ல, நல்லாத் தூங்குனியாம்மா, ஒடம்பு நல்லா இருக்குதான்னு கேப்பாரு சார். அதுக்குப் பதில் சொன்ன பிறகுதான் ஃப்ளைட்டைப் பத்தியே பேசுவாரு. ஒரு நாள் எனக்கு ஜுரம். சொல்லப் பயமா இருந்துச்சு. அவரு கேட்டதால சொல்லிட்டேன். 'நல்லதும்மா, தேங்க்ஸ்'ன்னாரு. நான் வர முடியாதுன்னதுக்கு எனக்கு யாரும் தேங்க்ஸ் சொன்னதே இல்ல சார்."

கோவிந்தனின் மகனைப் பற்றி, மெட்ராஸில், எங்கோ கேரளத்தில் பிறந்த பெண் என் முன்னால் நின்று இதைச் சொல்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தைவிடப் பெருமைதான் அதில் அதிகம்.

அவன் பறந்த உயரம் எதுவும் எனக்கு வராது. நான் கம்பியும் ஆணியும் விற்றவன். அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தன்னால் ஆகாத நாளில், ஆகாது என்று கூசாமல் சொல்வது. போன வாரம், இன்னும் லைசென்ஸ் எடுக்காத என் பேரன் கார் சாவியை நீட்டி, டிரைவர் வரவில்லை, வீட்டுப் பிள்ளைகளை மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்றான். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், இத்தனை வருஷம் ஓட்டிய கைதானே என்றான். எனக்கும் போக ஆசை. கல்யாண வீட்டில் எல்லாரும் என்னைத் தேடுவார்கள். ஆனால் இடது கண்ணில் புரை வந்து ஒரு மாதமாகிறது. அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் புதுத் துணி போட்டுக்கொண்டு காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"வண்டிய ஓட்டற நிலையில நான் இல்லப்பா. கண்ணு தெரியல. வேற ஆள இப்பவே தேடு, நேரம் இருக்குது" என்று சொல்லி, சாவியை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.